தேனிச் சந்தையில் வாங்கிய ஹெல்மெட்

பட்டாளத்திலிருந்து திரும்பிய கர்ணனுக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. யுத்தம் முடியும்வரை பர்மா எல்லையில் மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டு போனவன் அவன். குமுளிக்கு மேலே இருந்த ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அப்படி ஒருவன் தேவைப்பட்டான். ராணுவம் கழித்துவிட்ட வண்டியொன்றை எஸ்டேட் துரை வாங்கிப் போட்டிருந்தார். அதை மலைத்தடத்தில் ஓட்டத்தான் ஆள் இல்லை.

வேலை கேட்கப் போன இடத்தில் மனைவிக்கும் சேர்த்தே கேட்டான் கர்ணன். ராஜாத்தி மதுரையில் பிரசவம் பார்க்கப் படித்தவள். எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் ஒருத்திக்கு வலி கண்டால், கீழேயிருந்து மருத்துவச்சி ஏறி வருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துபோயிருக்கும். துரை இருவரையும் எடுத்துக்கொண்டார். 1946 வைகாசியில், புருஷனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து மலையேறும் பெண்ணை, அவர்கள் குடியிருந்த அடிவாரத்து லோயர் கேம்ப் முதன்முதலாகப் பார்த்தது. முதல் நாள் ஒருபக்கமாக உட்கார்ந்து போனாள். வழியில் சறுக்கி விழப் பார்த்தாள். மறுநாளே சேலையை இழுத்துச் செருகி, இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கர்ணனுக்குத்தான் மனது நிலைகொள்ளவில்லை. பட்டாளத்தில் கொடுத்த ஹெல்மெட்டை, அவனை ஊருக்கு அனுப்பும்போது திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பாறையும் வேருமாகக் கிடக்கும் தடத்தில் வெறுந்தலையோடு போவது அவனுக்குப் பயமாக இருந்தது. தேனிச் சந்தைக்கு சுயம்புலிங்கம் என்ற வியாபாரி பட்டாளத்துப் பழைய சாமான்களை லாரியில் கொண்டுவந்து கொட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டதும், ராஜாத்தியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

கூடாரத் துணி, பூட்ஸ், தண்ணீர்க் குப்பி என்று மலைபோலக் குவிந்து கிடந்தது. தொப்பிகள் தனிக் குவியல். ராஜாத்தி மேலே கிடந்த வெள்ளைத் தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"இது பஞ்சு மாதிரி இருக்கு மாமா. இதையே எடுப்போமா?"

"அது வெயிலுக்குப் போடுறது. கல்லுல மோதுனா அப்பளம்தான்."

சுயம்புலிங்கம் ஓர் இரும்புத் தொப்பியை எடுத்து விரலால் சுண்டிக் காட்டினார். "இதைப் பாரும். சம்மட்டிகொண்டு அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அண்ணாச்சி, இது மேலயிருந்து தெறிக்கிற குண்டுச் சில்லுக்குச் செஞ்சது. வண்டியில இருந்து விழுந்தா, இந்த அகலமான விளிம்பு தரையில மாட்டிக் கழுத்தத் திருகிரும். வண்டிக்காரன் போடுறது வேற."

அவன் குனிந்து கிளறினான். அடியில் அவன் தேடியது கிடந்தது: கெட்டியான ஓடு, சுற்றிலும் ரப்பர் விளிம்பு, காதையும் பிடரியையும் மூடும் தோல், உள்ளே தலையைத் தாங்கும் நாடாக்கள். ஐந்தாறு தேறியது. ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தி, காதருகே கொண்டுபோனான். மெல்ல நெறிபடும் சத்தம் கேட்டால் கீழே போட்டான்.

"மேல நல்லாத்தானே இருக்கு?" என்றாள் ராஜாத்தி.

"ஒருக்க அடி வாங்கிருச்சுன்னா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுப்போகும். இன்னொரு அடி தாங்காது."

அவள் கழித்துப்போட்ட ஒன்றை எடுத்துப் பார்த்தாள். உள்தோலில் யாரோ ஒருவனுடைய தலை எண்ணெய் கறுத்து ஊறியிருந்தது. "இதைப் போட்டிருந்தவுக என்ன ஆனாகளோ?" என்றாள். கர்ணன் அடுத்ததை எடுத்துக் காதருகே வைத்தான்.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. கர்ணன் அதைப் போட்டு, முகத்தைச் சுளித்து, உடனே கழற்றினான்.

"எனக்கு இறுக்குது. நெத்திப்பொட்டு வலிக்குது. உனக்குத்தான் சரியா இருக்கும். போடு."

அவள் போட்டுப் பார்த்தாள். கொண்டை பின்னாலிருந்து தள்ளியதில் ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. சந்தைக் கூட்டம் பார்க்கிறதே என்று தயங்காமல் கொண்டையை அவிழ்த்து, முடியைத் தாழப் பின்னி முதுகில் விட்டுக்கொண்டு மறுபடியும் போட்டாள். இப்போது புருவம்வரை இறங்கியது. கர்ணன் நாடாவைச் சுருக்கினான், வாரை மோவாய்க்கு அடியில் இழுத்துக் கட்டினான். "தலையை ஆட்டு" என்றான். அவள் தலை ஒரு பக்கம் திரும்பியது, ஹெல்மெட் வேறு பக்கம் பார்த்தது.

"உள்ள துணி வச்சுக்கிட்டாச் சரியாப் போகும்," என்றான்.

ராஜாத்தி வாரை அவிழ்த்தாள். ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்து, நாடாவைத் தளர்த்தி, விளிம்பைச் சுற்றி விரல்களை விட்டுப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தது. கழற்றி, நெற்றியை உற்றுப் பார்த்தாள். இறுக்கிய தடம் எதுவும் இல்லை.

"தலையை அளந்து பாக்குறது என் பொழப்பு மாமா. எங்கிட்டயே பொய் சொல்றீகளே. இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கர்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சுயம்புலிங்கம் வேறு பக்கம் திரும்பி வேறு வாடிக்கையைக் கவனிக்கப் போனார்.

திரும்பும் வழியில் வீரபாண்டியில் வண்டியை நிறுத்தி ஆற்றில் முகம் கழுவினார்கள். கரையில் உட்கார்ந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"இம்பால் பக்கம் ஒருநாள் பின்னால ஒரு சிப்பாயை ஏத்திக்கிட்டுப் போனேன். தெலுங்குப் பையன். வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தான். சேத்துல வண்டி புரண்டுச்சு. எனக்கு ஹெல்மெட் இருந்துச்சு, நான் எந்திரிச்சேன். அவன் எந்திரிக்கல." சற்று நிறுத்தினான். "இன்னொருக்க நான் மட்டும் எந்திரிக்கிறதா இருந்தா வேணாம் புள்ள."

ராஜாத்தி, வாங்கி வந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஓட்டுறவுக நெனப்புத் தப்புனா ரெண்டு பேருக்கும்தான் போச்சு," என்றாள். "நீங்க போடுங்க. நான் துண்டை மடிச்சு மடிச்சுக் கட்டிக்கிறேன். எனக்குத் தோதா ஒண்ணு எங்கயாச்சும் கெடைக்காமலா போகும்?"

அவனுக்குச் சம்மதமில்லை. ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆடிச் சாரலில் மலை ஊறிப்போயிருந்த ஒரு காலை, எஸ்டேட்டிலிருந்து பால்பாண்டி என்ற தொழிலாளி ஓடிவந்தான். அவன் மனைவி பிச்சையம்மாளுக்குத் தலைப்பிரசவம். விடியுமுன்பே பனிக்குடம் உடைந்துவிட்டதாகச் சொன்னான். அவனைப் பின்னால் நடந்து வரச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். குமுளி தாண்டி எஸ்டேட் தடத்தில் ஏறும்வரை ஒன்றும் ஆகவில்லை. லயன் வீடுகளின் புகை கண்ணில் படுகிற இடத்தில், சருகு மூடியிருந்த மழை அரிப்புப் பள்ளத்துக்குள் முன்சக்கரம் இறங்கியது.

கர்ணன் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து பாறையில் தலையால் மோதினான். ராஜாத்தி ஏலச்செடிகளுக்குள் விழுந்தாள். தலை தப்பியது. இடது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மடங்கியது.

அவள் ஒற்றைக் கையால் ஊன்றி எழுந்து அவனிடம் வந்தபோது, அவன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் நெற்றிக்கு மேலே பிளந்திருந்தது. அவள் அவன் கண்களைத் திறந்து பார்த்தாள், காதில் ரத்தம் வருகிறதா என்று தடவினாள்.

"உங்க பேரு என்ன?"

"என்னடி கேக்குற?"

"சொல்லுங்க மாமா."

"கர்ணன். ஒன்னக் கட்டுனவன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, வீங்கிய கையைச் சேலைத் தலைப்பால் கழுத்தோடு கட்டினாள். அவளுடைய மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். கால் தடுமாறியது, ஆனாலும் நிற்கவில்லை.

பிச்சையம்மாளின் குழந்தை குறுக்கே கிடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டு மூக்கம்மாளைத் தன் இடது கையாக வைத்துக்கொண்டாள் ராஜாத்தி. "அங்கன பிடி. அமுக்காத. இப்பத் தலையத் தாங்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மூக்கம்மாள் செய்தாள். உச்சிவேளையில் பெண்குழந்தை பிறந்தது. கொஞ்சநேரம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுப் பிறகு அழுதது. வாசலில் உட்கார்ந்திருந்த கர்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டான். தலையில் அடிபட்டவன் நினைவு தப்பிவிடக் கூடாதே என்று ராஜாத்தி மாலைவரை அவனை எழுப்பி எழுப்பிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ராஜாத்தியின் மணிக்கட்டுக்குக் கம்பம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு சற்றுக் கோணலாகத்தான் கூடியது. பிளந்த ஹெல்மெட்டை கர்ணன் கல்லால் உடைத்துத் துண்டு துண்டாக்கினான். யாராவது எடுத்து ஒட்டிப் போட்டுக்கொண்டுவிடக் கூடாது என்றான்.

பிறகு ஒருநாள் தனியாக மதுரைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு சிறிய ஹெல்மெட்டோடு திரும்பினான். ராஜாத்தி அதைப் போட்டுத் தலையை ஆட்டினாள். அசையவில்லை.

"உங்களுக்கு?"

"என் அளவுல நல்லதா ஒண்ணும் கெடைக்கல. அது கெடக்கட்டும். கெளம்பு, மேல மூணு பேரு முழுகாம இருக்காக."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினாள். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கால்நடையாகவே மலையை நோக்கிக் கிளம்பினாள்.

கர்ணன் வாசலில் நின்று பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சதூரம் போகவிட்டு, ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான். வண்டி சும்மா கிடக்கிறதே என்று துரை சத்தம் போட்டார். வேலையை விட்டு நிறுத்துவேன் என்றுகூடச் சொன்னார். ஐப்பசியில் அவனுக்கும் ஒரு ஹெல்மெட் அமையும்வரை இருவரும் அப்படித்தான் ஏறி இறங்கினார்கள். சாரலில் நனைந்து, அட்டைக்கடிக்கு உப்புத் தடவி, அங்கங்கே பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கி. கல்யாணமானதிலிருந்து அவன் பட்டாளத்தில் இருந்த காலமே அதிகம். அவன் சொல்லாமல் வைத்திருந்தவற்றில் பாதியை அந்த நடையில்தான் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.