தண்ணீர் குடிக்காத சீசன்

1

"ஏட்டி, உனக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?"

தலைமையாசிரியை தங்கபுஷ்பம் நீலாவிடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது. கேட்டது 1978 ஆடியில், குற்றாலத்தில். அத்தனை அருவியிலும் தண்ணீர் கொட்டுகிற மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம்.

(இதை எழுதுகிறவள் படிப்பைப் பாதியில் விட்டவள். 'நான்' என்று தொடங்கினால் அவளுக்குக் கை ஓடாது. ஆகவே 'நீலா'.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைமேல் மேகம் இறங்க, சாரல் பூப்போலத் தூவ—"

வேண்டாம். சாரலை ரசிக்க வந்தவர்களால் வந்த வினை இது. அழகாகத் தொடங்கினால் அவர்கள் பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

இரண்டாவது: சீசன் வந்தால் தாளாளர் வல்லிநாயகம் பள்ளியின் பின்பக்க அறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அந்த அறைகளுக்கும் பெண்பிள்ளைகளின் கக்கூசுக்கும் நடுவே தகரத் தடுப்பு மட்டும்தான். ஒரு திங்கட்கிழமை, தகரத்திலிருந்த ஆணி ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தது. நீலா பார்த்தாள். அது இமைத்தது.

இது இருக்கட்டும்.

3

நீலாவின் பெஞ்சுக்காரி ஷமீம் பானு, ஓட்டையைச் சவுக்காரத் துண்டால் அடைத்தாள். மறுநாள் ஓட்டை திறந்திருந்தது, சவுக்காரத்தைக் காணவில்லை.

"அருவிக்கு எடுத்துட்டுப் போயிட்டாம் போலட்டி. தேச்சுக் குளிக்கட்டும், மேல உள்ள அழுக்காவது போவட்டும்."

நீலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் எழுந்தாள். வகுப்பில் 'உள்ளேன்' சொல்லவே கூசுகிறவள், அன்றைக்குத் தலைமையாசிரியை அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதுதான் அந்தக் கேள்வி. கூடவே தீர்ப்பும்.

"சீசன் முடியுத வரைக்கும் வீட்டுலயே போயிட்டு வாங்க. இங்கன வந்து தண்ணி குடிக்காதீங்க. வந்திருக்கவங்க நம்ம விருந்தாளிங்க, சண்டைக்கு நிக்க முடியுமாட்டி?"

இதற்குப் பெயர் பாதுகாப்பு. எட்டிப் பார்த்தவன் அருவியில் ஆடலாம்; பெண்பிள்ளைகள் நாக்கு வறண்டு கணக்குப் போட வேண்டும். தண்ணீர்ப் பானையை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து எங்கே என்று தேடிய பள்ளிக்கூடம் கண்டுபிடித்தது பானையை.

4

(தங்கபுஷ்பம் டீச்சரைப் பற்றி ஒரு சந்தேகம். முந்தைய வடிவத்தில் அவரை அரக்கியாக எழுதி, மூக்கில் ஒரு மருவும் வைத்தாயிற்று. பொய். மரு கிடையாது. சோறு கொண்டுவராத பிள்ளைகளுக்குத் தன் தூக்குச்சட்டியைத் திறந்து கொடுக்கிறவர். அவரை நல்லவராக எழுதினால் கோபம் தணிகிறதா என்று எழுதிப் பார்த்தாள். கூடத்தான் செய்கிறது.)

5

ஷமீமுக்கு நீர்க்கடுப்பு வந்தது. காலைப் பிரார்த்தனையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீலா மறுபடியும் போய்ச் சொன்னாள்.

இந்தமுறை தாளாளரே வந்தார். "எதையும் நேர்ல பாத்துத்தான் முடிவெடுக்கணும்" என்றார். டீச்சரையும் நீலாவையும் இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் தகரத்துக்கு அந்தப் பக்கம் போய், ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"ஒண்ணும் தெரியலயே டீச்சர், இருட்டால்லா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஏ பிள்ள, நீ உள்ள போயி உக்காரு. என்ன தெரியுதுன்னு பாத்தாத்தான சொல்ல முடியும்?"

6

முடிவுகள்.

அ. டீச்சர் சொல்கிறார்: "நீங்க உள்ள உக்காருங்க சார், நாங்க பாக்கோம்." (எழுதியவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நடக்காது.)

ஆ. பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்து தகரத்தைப் பிடுங்கி— (பிடுங்கினால் கக்கூசுக்குத் தடுப்பேது?)

இ. நீங்களே எழுதுங்கள். ஒரே நிபந்தனை: நீலா உள்ளே போகமாட்டாள். 'மாட்டேன்' என்று சொல்லவும் அவளுக்கு வாய் வராது. பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஒருவர் 'கூடாது' என்று சொன்னால் போதும், நாளைக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். எழுத வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

நீலா டீச்சரைப் பார்த்தாள்.

"என்ன, உள்ள போயிட்டாளா?" தகரத்துக்கு அப்பாலிருந்து தாளாளரின் குரல்.

தங்கபுஷ்பம் டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, வகுப்புகள் இருந்த பக்கம் நடந்து போனார்.