பவுனுக்கு வளைகாப்பு

குதிரைக்கு வளைகாப்பு நடத்தலாம் என்று முதலில் சொன்னவர் ஞானாம்பாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே குதிரையின் லத்தி நாற்றம் தாங்கவில்லை என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டவரும் அவர்தான். அப்புறம் மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். இப்போது வாரம் தவறாமல் ஒரு மூட்டை லத்தி வாங்கிப் போகிறார்.

“தலைச்சன் பிள்ளை. ஒண்ணும் பண்ணாம எப்படி விடறது?” என்று சரிதாவிடம் கேட்டார்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலைக்குப் பின்பக்கத் தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் முன்னால் கொஞ்சம் மணல் பரப்பிய இடமும்தான் சரிதாவின் தொழில். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண் அவள். கடற்கரையில் சவாரிக் குதிரைகளோடு திரிந்து பழகியவள், கல்யாணமாகி இங்கே வந்ததும் சொந்தமாக ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினாள். அதற்குப் பவுனு என்று பெயர் வைத்தாள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பவுனுதான் வேண்டும் என்று தேதி கேட்டு வருகிறவர்கள் உண்டு. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே பவுனைத் தெரியாத பேண்டு செட்டுக்காரர் கிடையாது.

காரணம், பவுனு நிற்கும் விதம். நெற்றிப்பட்டத்தைக் கட்டி, கழுத்தில் சலங்கையைப் போட்டுவிட்டால் அவள் வேறு பிராணி. காலடியில் சரவெடி வெடிக்கட்டும், காதுக்குப் பக்கத்தில் டிரம்பெட் அலறட்டும், போதையில் ஆடுகிற மாப்பிள்ளைத் தோழன் வாலைப் பிடித்து இழுக்கட்டும், சலங்கையில் ஒரு மணிகூட ஒலிக்காது. சரிதா கழுத்தில் தட்டி, “போலாம்மா” என்று சொன்னால்தான் அடுத்த அடி. எல்லாம் முடிந்து கொட்டகைக்குத் திரும்பி, பட்டத்தை அவிழ்த்து, கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினதும், உடம்பு மொத்தத்தையும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு மணலில் விழுந்து புரளுவாள். இதைப் பழக்குவதற்குச் சரிதாவுக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் ஆயின. சாட்டையைத் தொடவில்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

பவுனு சினை பிடிக்கவில்லை என்பதுதான் ஒரே குறை. சரிதா அவளைப் பொலிகுதிரையிடம் இரண்டு முறை லாரியில் ஏற்றிப் போய் இரண்டு முறையும் பலனில்லாமல் திரும்பினாள்.

“அது மலடு சரிதா. வயசும் ஏறுது. வித்துட்டு வேற பாரு” என்றார் துலுக்காணம். கோவிலம்பாக்கத்தில் நான்கு குதிரை வைத்திருப்பவர். அவர் இதைச் சொன்ன இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல். சுற்றிலும் தொழில்காரர்கள்.

“இவ போடுவாண்ணா. என் வூட்டுலயே போடுவா. நீயே வந்து பாக்கத்தான் போற” என்றாள் சரிதா.

மூன்றாவது முறை சினை பிடித்தது. வார்த்தை கொடுத்தாயிற்று. இனிக் குட்டி உயிரோடு வந்து நிற்க வேண்டும். அந்தப் பதினோரு மாதமும் சரிதா வேறெதையும் நினைக்கவில்லை.

வளைகாப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலையில். குட்டி போட இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்று கால்நடை டாக்டர் ஜெரூஷா சொல்லியிருந்தார். பவுனைக் குளிப்பாட்டினார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று சிவப்புக் குஞ்சமும் கண்ணாடிச் சில்லும் வைத்த நெற்றிப்பட்டத்தைச் சரிதாவே கட்டினாள். கழுத்தில் சலங்கை. அதன் மேல், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து ஞானாம்பாள் மாலையாகப் போட்டார். காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் தடவினார்கள். பவுனுக்கு ஊறவைத்த கொள்ளும் வெல்லமும். மற்றவர்களுக்குத் தேங்காய் சாதம்.

துலுக்காணத்தையும் கூப்பிட்டிருந்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவது தட்டைக் காலி செய்துகொண்டே சொன்னார்: “வயித்துல புல்லு கீதா, புள்ள கீதான்னே இன்னும் தெரில. அதுக்குள்ள வளைகாப்பா?”

“சாப்டுண்ணா. சாதத்துல கொற ஒண்ணும் இல்லியே?”

“சாதம் நல்லாத்தான் கீது.”

அப்போது சந்தனம் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண், “கழுத்தெல்லாம் ஈரமா இருக்கே, துடைக்கலையா?” என்று கேட்டாள். சரிதா கை வைத்துப் பார்த்தாள். அது குளிப்பாட்டின ஈரம் இல்லை, வியர்வை. குனிந்து பார்த்தால் மடியிலிருந்து பால் சொட்டிப் பின்னங்காலில் வழிந்துகொண்டிருந்தது.

அவள் பதறவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். பெண்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினாள். கொட்டகையின் மணல் தரையில் புது வைக்கோலை உதறி, பவுனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். துலுக்காணம் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

டாக்டர் ஜெரூஷா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டிருந்தது. ஹெல்மெட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு நீளக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

“முதல்லயே சொல்லிடறேன் சரிதாக்கா. எனக்கு தினமும் நாயும் பூனையும்தான். குதிரைப் பிரசவம் இது மூணாவது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டுப் பார்த்தார். “முன்னங்கால் ரெண்டும் வந்திருக்கு. மூக்கும் மேலயே இருக்கு. எல்லாம் நேராத்தான் இருக்கு. இவதான் முக்க மாட்டேங்கிறா. படுத்தா முக்குவா. படுக்க வைங்க. பசு மாதிரி இல்ல, குதிரைக்கு நிறைய நேரம் கிடையாது.”

படுக்க வைக்கப் பார்த்தார்கள். சரிதா மணலைத் தட்டிக் காட்டினாள். தலைக்கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்தாள். துலுக்காணம் முன்னங்காலை மடக்கிப் பார்த்தார். பவுனு நான்கு காலையும் ஊன்றிச் சிலை மாதிரி நின்றாள். வயிறு சுருங்கும்போது வால் உயர்ந்து, வெள்ளைச் சவ்வுக்குள் இரண்டு சின்னக் குளம்புகள் எட்டிப் பார்த்தன. அடுத்த மூச்சில் உள்ளே போய்விட்டன. மறுபடியும் வந்தன. மறுபடியும் போயின.

“மாடா இருந்தா கயிறு போட்டு சாய்ச்சிடலாம். இத சாய்ச்சா குட்டி நசுங்கிடும்” என்றார் துலுக்காணம். அவர் குரலில் கிண்டல் போயிருந்தது.

ஜெரூஷா குளம்பைப் பிடித்து, அதற்கு மேலே லேசாகக் கிள்ளினார். “கால இழுத்துக்குது. உயிர் இருக்கு. ஆனா முன்ன மாதிரி வேகமா இழுக்கல.”

சரிதா முகத்துக்கு நேரே போய் நின்றாள். “படும்மா. இன்னாத்துக்கு இப்டி நிக்கிற? படுடி கண்ணு.” பவுனின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. தாடையிலிருந்து வியர்வை சொட்டிற்று. விலாவெலும்புகள் விரிந்து சுருங்கின. தொடைச் சதை தனியாகத் துடித்தது. ஆனால் கழுத்து அசையவில்லை. கேட்டுக்கு வெளியே பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் வந்த அமைதியில்தான் சரிதாவுக்கு அது உறைத்தது.

சலங்கை ஒலிக்கவில்லை. இவ்வளவு வலியிலும் ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.

இந்த அமைதியை அவளுக்குத் தெரியும். சரவெடிப் புகைக்கு நடுவே எத்தனையோ ஊர்வலங்களில் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெருமைப்பட்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். நெற்றிப்பட்டத்தின் கண்ணாடிச் சில்லுகளில் அவள் முகமே துண்டு துண்டாகத் தெரிந்தது. காலையிலிருந்து கண்ணெதிரே இருந்ததுதான். பார்த்துப் பார்த்து அது குதிரையின் நெற்றியாகவே ஆகிவிட்டிருந்தது.

“இவ டியூட்டில கீறா” என்றாள்.

“என்னக்கா?”

“பட்டம் கட்டிக்கீது டாக்டர். அவ இன்னும் கல்யாணத்துல நின்னுனு கீறா.”

முடிச்சு வியர்வையில் ஊறி இறுகியிருந்தது. விரலுக்கு வசப்படவில்லை. சரிதா எம்பி, குதிரையின் காதோரம் முகத்தை வைத்து, பல்லால் கடித்து இழுத்தாள். பட்டம் கழன்று மணலில் விழுந்தது. துலுக்காணம் சலங்கையையும் வளையல் கயிற்றையும் அறுத்துத் தூர வீசினார். சரிதா கழுத்தில் இரண்டு முறை தட்டினாள்.

“முடிஞ்சிதும்மா. வூட்டுக்கு வந்துட்டோம்.”

பவுனு தலையிலிருந்து வால் வரை ஒரு உலுக்கு உலுக்கினாள். பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் வெளியே வந்தது. வைக்கோலை முகர்ந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னங்கால் மடிந்தது, பின்னங்கால் மடிந்தது. பெரிய மூட்டையை இறக்குவது போல உடம்பைத் தரையில் போட்டுவிட்டு, சரிதா இதுவரை கேட்டிராத குரலில் முனகினாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அவள் முக்கும்போது மட்டும் ஜெரூஷா குளம்புகளைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுத்தார். கால்கள், மூக்கு, ஓரத்தில் நீலம் பாரித்துத் துருத்திய நாக்கு. தோள் வந்து சிக்கிக்கொண்டது. இன்னொரு முக்கல். தோள் விடுபட்டதும் மீதி உடம்பு வெதுவெதுப்பான நீரும் சவ்வுமாகச் சறுக்கிக்கொண்டு வந்து டாக்டரின் மடியில் விழுந்தது.

அசைவில்லை. ஜெரூஷா சவ்வைக் கிழித்து மூக்கை வழித்தார். கேட்காமலே துலுக்காணம் தோளிலிருந்த துண்டை நீட்டினார். டாக்டர் விலாவில் துண்டை வைத்து அழுத்தித் தேய்த்தார். சரிதா மூக்குத் துளைக்குள் ஒரு வைக்கோலை நுழைத்தாள்.

குட்டி தும்மிற்று. தலையை ஆட்டிற்று. நனைந்து ஒட்டியிருந்த காதுகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்தது.

“பொண்ணு” என்றார் ஜெரூஷா.

கேட்டின் கம்பிகளுக்கு நடுவே ஞானாம்பாளின் முகம் தெரிந்தது. “கருப்பா இருக்கே?”

“வெள்ளக் குதிரைக்கு அப்டித்தான் டீச்சர் பொறக்கும். வளர வளர வெளுக்கும். பவுனும் குட்டில இப்டித்தான் இருந்திருப்பா” என்றார் துலுக்காணம். சொந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

குட்டியின் குளம்பு நுனிகளில் ரப்பர் விரல்கள் மாதிரி மிருதுவாக ஏதோ தொங்கியது. வயிற்றுக்குள் தாயைக் கீறிவிடாமல் இருப்பதற்கு அது, நடந்தால் தேய்ந்துவிடும் என்று ஜெரூஷா சொன்னார். பவுனு தலையைத் திருப்பி அதன் முதுகை நக்க ஆரம்பித்தாள். தொண்டைக்குள் மெல்லிய ஒரு கனைப்பு. குட்டி பதிலுக்குக் கீச்சிட்டது.

பிறகு அது எழுந்திருக்கப் பார்த்தது. உடம்பைவிடக் கால்கள்தான் அதிகம். முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்து பக்கவாட்டில் சரிந்தது. சரிதா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“தொடாதீங்கக்கா. அதுவா எழட்டும்.”

நான்கு காலும் நான்கு திசையில் போக, நடுவில் நடுங்கிக்கொண்டு ஒரு வழியாக நின்றது. பவுனும் எழுந்து நின்றாள். குட்டி முதலில் சுவரை முட்டிப் பால் தேடிற்று. அப்புறம் துலுக்காணத்தின் லுங்கியைச் சப்பிற்று. “என்னாண்ட இன்னா கீது? உங்கம்மாகிட்ட போ” என்று அவர் மெதுவாகத் திருப்பி விட்டார். தாயின் வயிற்றோரமாகவே முகர்ந்துகொண்டு போய்க் கடைசியில் மடியைப் பிடித்தது. ஈரமான சின்ன வால் துள்ளிற்று.

சரிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். சொல்ல வேண்டியதைத் துலுக்காணமே போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “டேய், பவுனு குட்டி போட்டுச்சுடா. ஆமா, அவ வூட்டுலதான். நான் இங்கதான கீறேன், கண்ணால பாத்தேன். எல்லார்கிட்டயும் சொல்லு.”

ஞானாம்பாள் உள்ளே வந்து, மணலில் கிடந்த பட்டத்தை எடுத்துத் தூசி தட்டினார். “சும்மா குட்டி நெத்தியில வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சரிதா?”

சரிதா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கொட்டகைத் தூணில், பவுனுக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

“இன்னிக்கு வாணாம் டீச்சர்” என்றாள். “ரெண்டு பேருக்கும் லீவு.”