அடக்கி வைத்த சிரிப்பு

"இன்னொரு தடவை இருமுங்க, ஐலா. நல்லா, அடிவயித்துலேர்ந்து," என்றாள் நர்ஸ் டெனிஸ்.

ஐலா இருமினாள். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலியில், இடுப்புக்குக் கீழே ஒரு காகிதப் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். நூல் போன்ற ஒரு குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருமும்போதெல்லாம் எதிரே திரையில் ஒரு கோடு துள்ளியது. கீழே வைத்திருந்த புனலில் மட்டும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

போன மாதமும் இதே கூத்துதான். அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு தும்மல் போட்டால் போதும், சீட்டே நனைந்துவிடும். இங்கே வந்தால் மட்டும் உடம்பு சமர்த்தாகிவிடுகிறது. கசிவதைக் கண்ணால் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றும் வரவில்லையென்றால் ஆபரேஷன் கிடையாது. மிச்ச காலத்துக்கும் நாப்கினும் கறுப்புப் பேண்ட்டும்தான். பதினோரு வருடம் இறுக்கிப் பிடித்தே பழகிய உடம்பு. முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் விட்டுவிடு என்றால் விடுமா?

இருமல், தும்மலைக்கூடச் சமாளித்துவிடலாம். சிரிப்பைத்தான் முடியாது. அவள் கணவன் ஆர்வோ வாயைத் திறந்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் அவன் ஆரம்பித்ததுமே "அடுப்புல ஏதோ தீயுது" என்று ஐலா எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் தீயாது. கட்டிய புருஷனிடம்கூட இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆர்வோ வீட்டில் கதை சொல்வதையே விட்டுவிட்டான். போன மார்ச்சில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் உனக்கு எப்பவோ சலிச்சுப்போயிட்டேன், இல்ல?" என்று கேட்டான். "பேசாம தூங்கு ஆர்வோ," என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. அவன் போய், அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் காபியும் அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு ஹாட்டிஷும் வைத்து, அவன் கதைகளை ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தபோது, அவள் மட்டும் வெளியே பனியில் காருக்குப் பக்கத்தில் நின்றாள். மறுநாள்தான் இந்த டாக்டருக்குப் போன் செய்தாள்.

"வீட்டுல எப்ப வரும் உங்களுக்கு?" என்றாள் டெனிஸ்.

"சிரிச்சா."

"அப்ப சிரிப்பா ஏதாவது சொல்லுங்களேன். காலையிலேர்ந்து இருமல் கேட்டுக் கேட்டு எனக்கும் காது புளிச்சுப்போச்சு."

ஐலாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆர்வோவின் கதைகள்தான். "போயிட்ட எங்க வீட்டுக்காரர் சொல்வாரு," என்று ஒன்றைச் சொன்னாள். உறைந்த ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போனவன், தெரியாமல் வேறொருவன் மரக்குடிசைக்குள் நுழைந்து, அவன் ரொட்டியைத் தின்று, அவன் தூண்டிலிலேயே மீனும் பிடித்து, சாயங்காலம் வந்து நின்ற குடிசைக்காரனிடமே, "யாருய்யா நீ, கதவைத் தட்டாம உள்ள வர்றே?" என்று சண்டைக்குப் போன கதை.

டெனிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ, இந்த மனுஷனோடயா குடும்பம் நடத்துனீங்க! சிரிச்சுச் சிரிச்சே செத்திருப்பீங்களே!"

"நான் சிரிக்கவே இல்லம்மா," என்றாள் ஐலா.

சொல்லி முடிப்பதற்குள் தோள் குலுங்கியது. அடக்கத்தன்றுகூட அழாதவள் ஏங்கி ஏங்கி அழுதாள். எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. திரையில் கோடு எகிறியது. கீழே சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு நூலாக இறங்கியது.

"வந்துடுச்சு! ஐலா, வந்துடுச்சு!" என்று திரும்பிய டெனிஸ், அந்த முகத்தைப் பார்த்ததும் ஐலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

எதனால் கசிந்தது என்று கணினியில் குறிக்க வேண்டும். இருமல், முக்கல், சிரிப்பு. அதில் இருந்தவை அவ்வளவுதான். டெனிஸின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அழுகைன்னு இதுல இல்ல," என்றாள் மெதுவாக.

"சிரிப்புன்னே போடு."

டெனிஸ் அழுத்தினாள். உயர்ந்து நின்ற கோட்டுக்கு அடியில் அந்தச் சொல் பச்சை எழுத்தில் வந்து உட்கார்ந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே ஐலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.