அலைவாயியின் பல்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பழைய காவியத்தில் செத்துப்போன அரக்கி அலைவாயி கருக்களாச்சேரிக் கரையில் ஏறி, மீன்கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்த காசியம்மாவிடம் குஞ்சிதபாதம் வாத்தியார் வீட்டுக்கு வழி கேட்டாள். அன்றைக்கு நெத்திலி ஏகமாய்ப் பட்டிருந்ததால் கரையில் பாதிப் பேர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது இதுதான்: ஆள் தென்னைமர உயரம், இரண்டு கோரைப்பற்கள் உதட்டைத் தாண்டி மார்பு வரை இறங்கியிருந்தன, அவற்றில் பாசி படர்ந்திருந்தது, வாயில் கருவாட்டு நாற்றம். காசியம்மாவுக்கு அந்த நாற்றம் பழக்கம்தான். எப்படியும் வாத்தியார் தெருவுக்கு மீன் கொண்டுபோக வேண்டியவள், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். கடைத்தெரு முனையில் ஒரே ஒரு தடவை திரும்பி, "தலையக் குனிஞ்சு வாங்க, கரண்டுக் கம்பி போவுது" என்றாள். அலைவாயி குனிந்து வந்தாள்.

அவள் வந்ததற்குக் காரணம் வாத்தியார் எழுதிய நாடகம். காவியத்தில் அலைவாயி கப்பல்காரர்களைப் பிடித்துத் தின்பவள். கடைசியில் ஒரு ராஜகுமாரன் அம்பு விட்டு அவளைக் கொல்வான். எத்தனையோ தலைமுறையாகக் கோயில் பிரசங்கங்களில் அவள் வருஷம் தவறாமல் செத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அப்போது காலம் மாறியிருந்தது. அரக்கர் என்று ஏசப்பட்டவர்கள் வேறு யாருமல்ல, நம் பாட்டன் பூட்டன்தான் என்று தெருமுனைக்குத் தெருமுனை கூட்டம் போட்டுப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த குஞ்சிதபாதம் அதைக் கேட்டு உள்ளம் கொதித்து, 'அரக்கியல்ல, அழகி' என்று நாடகம் எழுதினார். அதில் அலைவாயி கடற்கரைத் தலைவனின் மகள், ரோஜாநிறத்தாள், ராஜகுமாரனை நம்பி மோசம்போனவள். கும்பகோணத்திலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார்கள். பார்த்தவர் எல்லாரும் அழுதார்கள். தலைமை தாங்கப் புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி கைக்குட்டையை நனைத்துவிட்டு, வாத்தியாருக்கு மாலை போட்டார்.

ஊரே பார்த்த நாடகத்தைப் பார்க்காதவள் வாத்தியாரின் மனைவி அமுதம். அவளுக்குப் பல் எடுப்பு. கல்யாணமான புதிதில் அவள் ஏதோ வேடிக்கைக்குச் சிரித்தபோது, "சிரிக்கிறப்ப வாயில முந்தானைய வச்சுக்க" என்றார் வாத்தியார். கோபமாகச் சொல்லவில்லை, பாடம் திருத்துவது போலத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்; பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். விசேஷங்களுக்கு அவர் தனியாகப் போவார். வீட்டம்மா வரவில்லையா என்று கேட்டால் தலைவலி என்பார். நாடகம் அரங்கேறிய வருஷம் அந்தத் தலைவலிக்கு வயது ஒன்பது.

அலைவாயி வாத்தியார் வீட்டுக் கொல்லையில், புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று வாத்தியார் நினைத்தார். பதிலுக்குத் தாம் பேச வேண்டியதைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டார். ஊரில் பழைய கப்பல் குடும்பத்து ஜெகபர் சாதிக் மரைக்காயர், தம் பாட்டனார் காலத்தில் சைகோன் வரை போய்வந்த கப்பலின் பாய்த்துணியை, பெண்பிள்ளைக்கு உடுத்த ஆகும் என்று வண்டியில் அனுப்பிவைத்தார். அமுதம் அதைக் கோணி ஊசியால் மூட்டிச் சேலையாக்கினாள். நெல் அவிக்கும் அண்டாவில் சோறு வடித்து, மண்வெட்டியால் அள்ளிப் போட்டாள். பகலெல்லாம் இருவரும் பேசினார்கள். பள்ளிவிட்டு வரும்போது கொல்லையில் இரண்டு சிரிப்புகள் கேட்கும். ஒன்று அரக்கியுடையது, ஓடு அதிரும். மற்றது யாருடையது என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை.

அவளுக்காகவே நாடகத்தை மறுபடி போட்டார்கள். கொட்டகைக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, கூரைக்கு மேலாக எட்டி முழுவதும் பார்த்தாள். அழவில்லை. மறுநாள் காலை வாத்தியார் கொல்லைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடையில அழுதாளே, அது யாரு?" என்று கேட்டாள் அலைவாயி.

"நீங்கதாம்மா."

"என் பல்லு எங்க?"

வாத்தியார் பொறுமையாக விளக்கினார். "பல்லோட வந்தா சனங்க அழமாட்டாங்கம்மா. பாக்க லட்சணமா இருந்தாத்தான் ஐயோ பாவம்னு தோணும்."

அலைவாயி கொஞ்ச நேரம் பல்லிலிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பழைய பாட்டுக்காரன் என்னைக் கொன்னான். ஆனா கொல்றதுக்கு முந்தி நல்லாப் பாத்தான். பல்லு, நகம், வாய்நாத்தம், ஒண்ணு விடல. பயந்துக்கிட்டே பாத்தான். நான் ஆளத் தின்னவதான். பசியிலயும் தின்னேன், பசியில்லாமயும் தின்னேன். நீ என்னைப் பாக்கவே இல்ல. பாக்காமயே மன்னிச்சுட்ட" என்றாள்.

அப்போதுதான் அவர் திரும்பினார். சோற்று அண்டாவோடு அமுதம் பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவள் சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றார். முந்தானைதான் ஞாபகத்துக்கு வந்தது. மேடையில் தாம் வாங்கிய மாலைகளை நினைக்க நினைக்க, பிச்சைக்காரன் தட்டிலிருந்து எடுத்ததைப் போலிருந்தது.

வெட்கப்பட்ட மனுஷன் அவசரப்படுவான். வாத்தியார் உட்கார்ந்த இடத்தில் நாடகத்தைத் திருத்தி எழுதினார். அரக்கிக்குப் பல்லைத் திருப்பிக் கொடுத்தார். கும்பகோணத்து நடிகை பல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ரயிலேறிவிட்டாள். உடனே அவருக்கு யோசனை உதித்தது. அமுதத்தைக் கூப்பிட்டு, நீயே நடி, ஊர் முழுக்க உன்னைப் பார்க்கட்டும் என்றார். அவள் கண் கலங்கிப்போவாள் என்று எதிர்பார்த்து, சொல்லும்போதே தாமும் கண் கலங்கினார்.

அமுதம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "உங்க அரக்கிக்குப் பல்லு வேணும்னதும் என் ஞாபகம் வந்துதாக்கும்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது வாத்தியாருக்கு. திருத்திய நாடகத்தை அடுப்பில் போட்டார். அந்தத் தீயில் ரசம் கொதித்தது.

சித்திரை பிறந்ததும் அலைவாயி கடலுக்குத் திரும்பினாள். வழியனுப்ப ஊர் திரண்டது. அமுதத்தைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அவள் கடைத்தெரு வழியாக நடந்தாள். காசியம்மா முன்னால் போய்க் கம்பி வரும் இடங்களைச் சொன்னாள். கரைக்கு வந்ததும் அரக்கி எதையோ முணுமுணுக்க, அமுதம் சிரித்தாள். இரண்டு கையும் அரக்கியின் கூந்தலைப் பிடித்திருந்ததால் முந்தானையை எடுக்கக் கையில்லை. எடுக்க நினைத்ததாகவும் தெரியவில்லை. பல்லெல்லாம் வெயிலில் தெரிய, அவள் வாய்விட்டுச் சிரித்ததை ஊரே பார்த்தது. வாத்தியாரும் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற புதுச்சேரி அதிகாரி கையால் வெயிலை மறைத்து மேலே பார்த்து, "யாருங்க அந்தப் பொம்பளை?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றார் வாத்தியார்.

யோசித்துச் சொன்னதல்ல. ஒன்பது வருஷப் பழக்கம் வாயில் வந்தது. மறுபக்கம் நின்ற ஜெகபர் சாதிக் மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்க்கத் தொடங்கினார். அப்போதே திருத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அதிகாரி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தி சாய்வதற்குள் அமுதம் ஈரச் சேலையோடு வீடு வந்து, உலை வைத்து, இலை போட்டாள். அவர் முதல் கவளத்தைப் பிசையும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "கரையில மரைக்காயர் பக்கத்துல நின்னாரே, அது யாருன்னு அலைவாயி கேட்டா. தெரியலன்னு சொல்லிட்டேன்." மோர் ஊற்றட்டுமா என்றும் கேட்டாள்.

அதன்பிறகு அலைவாயி பங்குனிக்குப் பங்குனி வந்து போகலானாள். அவள் ஏறும் அன்றைக்கு அலை பெரிசாக இருக்கும் என்று பக்கத்துப் பட்டினச்சேரி வரைக்கும் வலை போடமாட்டார்கள். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை. அமுதம் அவள் தோளில் ஏறி ஊரைச் சுற்றி வருவாள். வாத்தியார் நாடகம் எழுதுவதை விட்டுவிட்டார். ஆனால் அந்த நாளில் தவறாமல் முன்வரிசைக்கு வந்து நிற்பார். பக்கத்தில் நிற்பவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "மேல இருக்கிறது என் சம்சாரம்" என்பார்.

"தெரியும் வாத்தியாரே" என்பார்கள். "கொஞ்சம் நகருங்க, மறைக்குது."