தொடாமல் விட்ட பந்து

சக்கர நாற்காலியில் ஆடும் ஒற்றையர் இறகுப்பந்தில் பாதி மைதானம்தான் கணக்கு. அதிலும் வலையை ஒட்டிய பட்டையில் பந்து விழுந்தால் வெளியே, அடித்தவருக்குத்தான் நஷ்டம். இது என் அக்காவுக்குத் தெரியும். அவள் கைக்குத்தான் தெரியாது. விபத்துக்கு முன்னால், நின்று ஆடிய காலத்தில், வலையோரப் பந்து ஒன்றைக்கூட விட்டுப் பழகாத கை அது.

உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை அக்கா ஜெயித்தாள். இரண்டாவதை அந்தக் கை தோற்றது. எதிராளி கெட்டிக்காரி. இவள் பலவீனத்தைக் கண்டுகொண்டு, வேண்டுமென்றே பந்தை வலையோரம் நழுவவிட்டாள். அக்கா பாய்ந்து பாய்ந்து எடுத்தாள். எடுத்ததெல்லாம் மேலே எழும்பி, எதிராளி ஓங்கி அடிக்க வாகாகப் போனது.

இடைவேளையில் அத்தான் துண்டை நீட்டினார். சைக்கிள் கடைக்காரர், அக்காவின் நாற்காலிக்கும் பயிற்சிக்கும் அவரே பொறுப்பு. நான் சக்கரத்தில் காற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ வெளிய போடுறதையெல்லாம் எதுக்குப் பொறுக்குற? குப்பை வண்டியா ஓட்டுற?"

"கை தானா போகுதுங்க."

"அப்போ கையைக் கட்டிப் போடு."

"உங்களைக் கட்டிக்கிட்டதே போதும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தான் என்னை முறைத்தார்.

மூன்றாவது செட். பத்தொன்பது சமம். பந்து மறுபடி வலையைத் தாண்டி நழுவியது. அக்காவின் தோள் முன்னால் சாய்ந்தது. சட்டென்று அவள் மட்டையை மடியில் அழுத்திக்கொண்டாள். பந்து பொத்தென்று பட்டைக்குள் விழுந்தது.

'வெளியே' என்றார் நடுவர்.

"அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்று அத்தான் கத்தினார்.

இன்னும் ஒரே புள்ளி. அந்தத் தந்திரம் இனிப் பலிக்காது என்று எதிராளிக்குப் புரிந்துவிட்டது. நீளமாக அடித்தாள். அக்கா அதைவிட நீளமாகத் திருப்பினாள். எதிராளி சக்கரத்தைப் பின்னால் தள்ளி, முதுகை வளைத்து, மட்டையை நீட்டினாள். எட்டவில்லை. பந்து கோட்டின் மேலேயே விழுந்தது.

அரங்கம் அதிர்ந்தது. ஓடிவந்த அத்தானை அக்கா மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள்.

"இறக்கி விடுடி, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். சும்மாவா ஜெயிச்சேன்?"