மூடாத குழாய்

நாலு படி ஏறினாலே ஏலவார்குழலிக்கு மூச்சு வாங்கும். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளையார்பாளையத்து வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்தால் போதும், மாமியார் கமலவேணியின் குரல் தெருக்கோடி வரை போகும்.

"அலுங்காம வளர்த்து என் தலையில கட்டிட்டாங்கோ!"

அவள் கணவன் உமாபதி தறியை விட்டுத் தலை நிமிரமாட்டான்.

1969 ஆடியில் ஒரு நாள் அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தபடியே மயங்கி விழுந்தாள். அவளுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் ராஜகோபால் வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை. சென்னைக்கு அனுப்பிப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சந்தேகப்பட்டதையே அங்கேயும் உறுதி செய்தார்கள். பிறகு டாக்டர் மாமியார், மகன், மருமகள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இருதயத்திலேர்ந்து அழுக்கு ரத்தம் நுரையீரலுக்குப் போக ஒரு பெரிய குழாய் இருக்கு. அங்க சுத்தமாகி, வேற குழாய்கள் வழியா இருதயத்துக்குத் திரும்பி, மகாதமனி வழியா உடம்பு பூரா போகும். கருவுல குழந்தை மூச்சு விடாது, நுரையீரலுக்கு வேலையில்ல. அதனால அந்தப் பெரிய குழாயையும் மகாதமனியையும் இணைச்சு ஒரு சின்னக் குழாய் இருக்கும். பொறந்ததும் தானா மூடிக்கும். இவங்களுக்கு மூடல. சுத்தமான ரத்தம் மறுபடியும் நுரையீரலுக்கே போய் இருதயத்தைக் களைப்பாக்குது."

கமலவேணி காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. "அப்போ பொறக்கும்போதே பழுது?"

"ஆபரேஷன் பண்ணி அந்தக் குழாயைக் கட்டிவிட்டா நல்லாயிடுவாங்கம்மா. குழந்தை கூடப் பெத்துக்கலாம். அப்படியே விட்டா ஆபத்து."

அன்று சாயங்காலமே மருமகளோடும் அவளுடைய டிரங்குப் பெட்டியோடும் கமலவேணி, அவள் பிறந்த வீடு இருக்கும் ஓரிக்கைக்கு வந்து இறங்கினாள். உமாபதி பெட்டியைத் தூக்கி வந்தான். ஏலவார்குழலியின் அப்பா பரமசிவம் பாயை விரித்தார். யாரும் உட்காரவில்லை.

"தெரிஞ்சேதானே குடுத்தீங்க, சம்பந்தி?"

"சத்தியமா தெரியாதும்மா. ஓடியாடிக்கினு இருந்த பொண்ணு."

"இந்தக் கதையெல்லாம் வாணாம். சின்னவ இருக்கா இல்ல, அன்னம்மா? அவளை என் புள்ளைக்குக் கட்டிக் குடுங்க. பெரியவ ஒரு மூலையில கஞ்சி குடிச்சிக்கினு கெடக்கட்டும். முடியாதுன்னா நாலு பெரிய மனுஷங்களைக் கூட்டி உங்க மானத்தை வாங்குவேன்."

அடுக்களையில் நின்ற அன்னம்மாள் அக்காவைப் பார்த்தாள். அப்பா 'முடியாது' என்பார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

பரமசிவம் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா... பெரியவளுக்கும் ஒரு தொணையாத்தான் இருக்கும்."

ஏலவார்குழலி அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். நேராகக் கணவனிடம் போனாள்.

"கல்யாணமான புதுசுல என் நெஞ்சுல காதை வச்சிக்கினு இன்னா சொன்னீங்க? உங்கம்மாகிட்ட சொல்லுங்க."

உமாபதி வாசலைப் பார்த்தான்.

"அரிசி மில்லு ஓடற மாதிரி இருக்குதுன்னு சிரிச்சீங்களே! அன்னைக்கே ஒரு டாக்டரைப் பார்க்கணும்னு தோணல. இப்போ யாரு யாரை ஏமாத்தினது?"

"நெசமாடா?" என்றாள் கமலவேணி.

"வெளையாட்டுக்குச் சொன்னேம்மா..."

கமலவேணி ஒரு கணம்தான் தடுமாறினாள். "புருஷனை நாலு பேர் எதிர்ல நிக்கவச்சிக் கேக்கறவ எனக்கு வாணாம். ஆபரேஷனுக்கு இவன் கையெழுத்துப் போடமாட்டான். செத்தா அந்தப் பழி உங்களோட." மகனை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"நான் செத்தாலும் தங்கச்சியை அங்க அனுப்பக்கூடாது" என்றாள் ஏலவார்குழலி அப்பாவிடம்.

"ரெண்டு பேரையும் வீட்டுல வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? போ, பேசாதே!"

அப்பாவோடு போய்ச் சேர்ந்த சென்னை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கணவன் கையெழுத்தைக் கேட்டார்கள்.

"எனக்கு இருபத்திமூணு வயசு. நெஞ்சு என்னுது. நானே போடறேன்." அப்பாவும் போட வேண்டும் என்றார்கள். பரமசிவம் மகள் முகத்தைப் பாராமலே போட்டார்.

இடது விலாவைத் திறந்து அந்தச் சின்னக் குழாயைக் கட்டினார்கள். நினைவு வந்தபோது மூச்சுக்கு மூச்சு வலித்தது. நெஞ்சில் கை வைத்தாள். சின்ன வயதிலிருந்து உள்ளங்கையில் உணர்ந்து பழகிய அதிர்வு இல்லை. இருதயமே நின்றுவிட்டதோ என்று பயந்து, பக்கத்தில் இருந்த அன்னம்மாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. நல்லாயிடுச்சாம்."

தை பிறந்ததும் பூவும் பழமுமாக உமாபதி வந்தான். மருமகள் தேறிவிட்டாள், பிள்ளை பெறுவாள் என்ற செய்தி பிள்ளையார்பாளையத்துக்கு எட்டியிருந்தது.

"அம்மா கூட்டிக்கினு வரச் சொன்னாங்கோ."

"என்னை அறுத்த அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"தறியில முகூர்த்தப் புடவை. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

"அதை முடிச்சிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சி."

"நல்லது. போய்ட்டு வாங்க."

உள்ளேயிருந்து பரமசிவம் கத்தினார். "புருஷன் வந்து கூப்பிடறான், இன்னா திமிரு உனக்கு?" அவள் எழுந்திருக்கவில்லை. கொண்டுவந்த பூவும் பழமும் கூடையிலேயே இருக்க, உமாபதி பஸ் பிடிக்கப் போனான்.

அடுத்த வைகாசியில் உமாபதிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்தார்கள். அன்று பரமசிவம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, "உன்னாலதான், எல்லாம் உன்னாலதான்" என்று முனகினார். அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, மீதியை அவருக்கு மூடி வைத்தார்கள்.