கிணற்று டிர்க்கின் கையெழுத்து

"வந்துச்சா?"

ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து கழற்றிவிட்டு ஈசாக்கு ஸால் கேட்டார். காலையிலிருந்து பதினோராவது தடவை.

"வரல பா. மொதல்ல குழாயை மாட்டுங்க." ரோசெல்டா மாட்டிவிட்டாள். அவர் மறுபடி கழற்றினார்.

"போனை ஜன்னல்கிட்ட வை. அங்கதான் சிக்னல் வரும்."

"ஜன்னல்லதான் இருக்கு."

"ஜன்னலுக்கு வெளிய வை."

கட்டிலின் அந்தப் பக்கம், வெந்நீரில் நனைத்த துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டி சிப்போரா நிமிராமலே சொன்னாள்: "வெளிய வச்சா ஆடு தின்னுடும். அப்புறம் உன் பாட்டன் பூட்டனையெல்லாம் ஆட்டு வயித்துலதான் தேடணும்."

ரோசெல்டா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சும் இல்லை.

"அது வராம இருந்தா உனக்கு நல்லதுதான் சிப்போரா. வந்தா உங்கப்பன் மானம் போயிடும்ல."

சிப்போரா துணியைப் பிழிந்தாள். "இடது காலைக் குடு."

மூன்று வருடமாக இதே பேச்சுதான்.

ரூய்ஃபோன்டைன் கிராமத்தில் அந்தக் காலத்தில் இரண்டு டிர்க் ஸால்கள் இருந்தார்கள். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் என்பது அங்கே எழுதாத சட்டம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மகனைப் பெற்று, இரண்டு பேருக்குமே டிர்க் யகோபுஸ் ஸால் என்று ஒரே வருடத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஊர் குழம்பவில்லை. கழுதை வண்டி ஓட்டியவர் வண்டி டிர்க், சிப்போராவின் அப்பா. கிணறு வெட்டியவர் கிணற்று டிர்க், ஈசாக்கின் அப்பா. குழம்பியது காகிதம்தான். காகிதத்தில் கழுதையும் கிடையாது, கிணறும் கிடையாது.

1957-ல் ஒரு டிர்க் ஸால் ஸ்ப்ரிங்போக் நகரத்து மாஜிஸ்திரேட்டிடம் போய் வாக்குமூலம் கொடுத்தார். பதினொரு குடும்பங்கள் வந்தேறிகள், இந்த மண்ணில் ஆடு மேய்க்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று. அங்கே குளிர்காலமான ஜூலையில் அரசாங்க லாரிகள் வந்தன. வீடுகளின் கூரைத் தகரத்தைப் பிரித்து, அவர்களோடு சேர்த்தே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. எந்த டிர்க் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருமே நான் இல்லை என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் வம்ச மரம் வந்தது. கேப் டவுனில் இருந்த ரிட்டையர்டு வாத்தியார் அப்சலோம் யோசெப், பதினொரு குடும்பங்களில் ஒன்றின் வாரிசு, ஆவணப் பட்டியலில் 'டிர்க் ஸால்' என்ற பெயரைக் கண்டுபிடித்து, சின்ன வயதிலிருந்தே தான் சந்தேகப்பட்ட கிணற்று டிர்க்கின் பக்கத்தில் சேர்த்துவிட்டார். 'பதினொரு குடும்பங்களைக் காட்டிக்கொடுத்தவர்.'

முப்பது வருடம் சுரங்கத் தூசியைக் குடித்த நெஞ்சோடு படுத்திருந்த ஈசாக்கு அதைப் படித்தார். அழித்தார். வாத்தியார் திரும்பப் போட்டார். இவர் திரும்ப அழித்தார். 'ஆதாரம் எங்கே?' என்று அவர் கேட்டார். 'உன் ஆதாரம் எங்கே?' என்று இவர் கேட்டார்.

ஈசாக்கிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. கிணற்று டிர்க்குக்கு எழுதத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் ஒரு சிலுவைக் குறிதான். வண்டி டிர்க் மிஷன் பள்ளியில் படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"அந்தக் காகிதத்தை எடு. கையெழுத்து இருந்தா வண்டிக்காரன். சிலுவை இருந்தா எங்கப்பா. அவ்வளவுதானே?" என்றார் மகளிடம். ஸ்ப்ரிங்போக் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்த ரோசெல்டா கேப் டவுன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். புதன்கிழமை படம் எடுத்து அனுப்புவதாகப் பதில் வந்தது.

இன்று புதன்கிழமை. நர்ஸ் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தாள், வியாழன் பார்க்கமாட்டார் என்று.

போன் அதிர்ந்தது.

ரோசெல்டா அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவை ஏன் சாத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. படம் மெதுவாக, மேலிருந்து கீழாக இறங்கியது. முத்திரை. தேதி. பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர், எத்தனை ஆடு. டைப்ரைட்டரில் அடித்த கடைசி வரி: 'மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், அனைத்தும் உண்மை.'

அதன் கீழே ஒரு சிலுவை.

அழுத்திப் போட்டிருந்தது. காகிதம் கிழிகிற அளவுக்கு.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சிலுவைதான். சிறிதாக்கினாள். அப்போதும் சிலுவைதான்.

"ரோசெல்டா!"

அந்தக் குரல் அவருக்கு எங்கிருந்து வந்ததோ. அவள் உள்ளே போனாள். அப்பா முழங்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சிப்போரா அவர் முதுகைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இருக்கு? சொல்லு. கையெழுத்தா, சிலுவையா?"

அவள் போன் திரையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"கையெழுத்து, பா."

சிப்போரா அவளைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். பிறகு தலையணையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

"பாத்தியா! பாத்தியா சிப்போரா!" இருமல் வந்து அவரைப் புரட்டிப் போட்டது. இருமலுக்கு நடுவிலும் விரலை ஆட்டினார். "மாத்து. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

"அப்புறம் செய்றேன் பா…"

"எனக்கு ஏதுடி அப்புறம்?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாற்றினாள். ஒரு டிர்க்கின் பக்கத்திலிருந்து அந்த வரியை எடுத்தாள். இன்னொரு டிர்க்கின் பக்கத்தில் வைத்தாள். மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். 'மூல ஆவணத்தில் கையெழுத்து உள்ளது. என் தந்தைக்கு எழுதத் தெரியாது.'

"வாசி."

வாசித்தாள்.

"சத்தமா. சிப்போராவுக்குக் காது மந்தம்."

"எனக்குக் கேக்குது," என்றாள் சிப்போரா.

பிற்பகல் இரண்டரைக்கு அவர் போனார். கடைசியாகச் சொன்னது, "இப்பதான் சரி." சிப்போரா கண்ணை மூடிவிட்டாள். மெஷினை நிறுத்தினாள். புதிதாக வெந்நீர் வைத்து, காலையில் துடைத்த அதே உடம்பை மறுபடி துடைத்தாள்.

அடக்கம் சனிக்கிழமை. அது முடிந்ததும் திருத்திவிடலாம் என்று ரோசெல்டா நினைத்திருந்தாள். மூன்று நாள்தானே. யார் பார்க்கப்போகிறார்கள்?

எல்லோரும் பார்த்தார்கள். மரத்தில் ஒரு இலை அசைந்தால் அதைத் தொடர்கிறவர்கள் அத்தனை பேர் போனும் மணியடிக்கும். வியாழக்கிழமையே ரூய்ஃபோன்டைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாத்தியார் எழுதியிருந்தார்: 'உங்கள் தந்தையிடம் மூன்று வருடம் தவறாக நடந்துகொண்டேன். நேரில் வருகிறேன். ஆவணத்தின் படத்தையும் ஏற்றிவிடுங்கள்.'

அவள் பதில் எழுதவில்லை. அவர் வந்துவிட்டார். ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு, கறுப்பு சூட்டில், கைத்தடியோடு. குழியில் மண் தள்ளும்போது இளைஞர்களிடமிருந்து ஒரு மண்வெட்டியை வாங்கி அவரும் தள்ளினார். எழுபத்தெட்டு வயது. யாரும் தடுக்கவில்லை.

தேவாலய ஹாலில் சாப்பாடு. தட்டுகள் நிரம்புவதற்கு முன் வாத்தியார் எழுந்து நின்றார்.

"என் தம்பி அந்த லாரியில செத்தான். நாலு மாசக் குழந்தை. அறுபது வருஷத்துக்கு மேல நான் தப்பான ஆளை வெறுத்துட்டேன். கிணத்து டிர்க்கோட பிள்ளைகிட்ட அவர் உயிரோட இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டிருக்கணும். இப்ப அவர் மகள்கிட்டக் கேக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி டிர்க் என்ற பெயரை உச்சரிக்கக்கூட இல்லை. தேவைப்படவும் இல்லை.

மூலையில், நீள மேஜையில், சிப்போரா விடியற்காலையிலேயே கனலில் சுட்ட ரொட்டிகளைக் கூடையோடு வைத்திருந்தாள். ரூய்ஃபோன்டைனில் எந்தச் சாவு வீட்டுக்கும் ரொட்டி அவளுடையதுதான். வரிசை வந்தது. ஆட்டுக் கறி எடுத்தார்கள், உருளைக்கிழங்கு எடுத்தார்கள், பீட்ரூட் எடுத்தார்கள். கூடை வந்ததும் ஒவ்வொருவரும் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் தெரியாமல் கை நீட்டினாள். பின்னால் நின்றவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். கை திரும்பிப்போனது.

ரோசெல்டா மேஜைக்குப் போனாள்.

"ஆன்ட்டி."

"சாப்பிட்டியா?"

"ஆன்ட்டி, நான்…"

"அதுல சிலுவைதானே இருந்துச்சு?"

ரோசெல்டா தலையாட்டினாள்.

"எங்கப்பா வண்டியிலதான் உங்க தாத்தா ஸ்ப்ரிங்போக்குக்குப் போனாரு. எங்கப்பா வெளிய கழுதையைப் பிடிச்சுட்டு நின்னாரு. என்ன வேலைன்னு கேக்கல. லாரி வந்த அன்னிக்குத்தான் புரிஞ்சுது. சாகும்போது எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

"அப்பா மூணு வருஷமா உங்களை அவ்வளவு திட்டினாரே. ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"சொல்லிட்டா அப்புறம் யாரைத் திட்டுவான்? படுத்த படுக்கையில ஒரு மனுஷனுக்கு வேற என்ன வேலை?" அவள் கூடையின் ஓரத்தில் சிந்தியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "நீ பொய் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

"இப்ப என்ன பண்றது?"

"இப்ப அவன் இல்ல. நான் இருக்கேன்."

சிப்போரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசையின் கடைசி ஆள் கூடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ரோசெல்டா தன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். துக்க வீட்டுக்காரர்களுக்கான முதல் பெஞ்ச். இரண்டு பக்கமும் சித்தி மகள்கள். எதிரே சுவரோரம் அப்பாவின் படம், ஒரு நாற்காலியின் மேல். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் எடுத்தது. அவள் அதைப் பார்க்காமல் போனை எடுத்தாள்.

ஒரு பக்கத்திலிருந்து வரியை எடுத்தாள். மற்ற பக்கத்தில் வைத்தாள். படத்தை ஏற்றினாள். சிலுவை நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். காரணம் கேட்கும் கட்டம் வந்தது. 'அப்பாவுக்காக' என்று எழுதினாள். அழித்தாள். 'தவறுதலாக' என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

'முந்தைய மாற்றம் நான் செய்தது. பொய் என்று தெரிந்தே செய்தேன். கையெழுத்து இல்லை. சிலுவைக் குறி. கிணற்று டிர்க், என் தாத்தா.'

விரல் பொத்தானின் மேல் நின்றது. அழுத்தினாள்.

வாத்தியாரின் கோட்டுப் பைக்குள் ஒரு மணி அடித்தது. ஜன்னலோரம் இன்னொன்று. பிறகு டீ ஊற்றும் இடத்தில் இரண்டு, சேர்ந்தாற்போல. பேச்சு ஒவ்வொரு மேஜையாக அணைந்துகொண்டே வந்தது.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, முதல் பெஞ்சைத் தாண்டி நடந்தார். ரோசெல்டா எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் நிற்கவில்லை. மூலை மேஜைக்குப் போய்த் தட்டை நீட்டினார்.

"வெண்ணெய் வைக்கட்டா?" என்றாள் சிப்போரா.

"வேணாம்மா. சும்மா குடு."

அவர் பின்னால் இன்னொருவர் போனார். பிறகு இரண்டு பெண்கள்.

ரோசெல்டாவின் வலது பக்கம் இருந்தவள் குழந்தையைத் தேடுகிற மாதிரி எழுந்து போனாள். இடது பக்கம் இருந்தவள் எதையும் தேடவில்லை. சும்மா எழுந்து போனாள்.

டீத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. ரோசெல்டாவின் பெஞ்சுக்குப் பின் பெஞ்சில் கடைசி ஆளுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, தட்டைத் தூக்கி வந்த பெண் நிமிர்ந்தாள். தட்டில் இன்னும் நான்கு கோப்பைகள் ஆவி பறக்க இருந்தன. முதல் பெஞ்சுக்கு வராமலே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள்.